கேவிஎம்மில் கெஸ்ட் முடங்கினால்: கேடம்ப், ஹோஸ்ட் டம்ப், எமுலேஷன் ஆகியவற்றின் ஒப்பீடு

லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மின் மேல், ஹோஸ்ட் எனப்படும் கணினியில் ஓடும் மெய்நிகர் இயந்திரம் (கெஸ்ட்) ஒன்று விழுந்துவிட்டது என்று யாரேனும் முறையிட்டால், அந்த முறையீடு மூன்று வெவ்வேறு நிகழ்வுகளில் எதையும் குறிக்கலாம். கெஸ்ட்டின் கர்னல், அதாவது அதன் இயங்குதளத்தின் மையப் பகுதி, தன் பிழையைத் தானே கண்டறிந்து கர்னல் பேனிக்கையோ (லினக்ஸ் மீள முடியாமல் நிற்கும் நிலை) விண்டோஸின் நீலத்திரையையோ காட்டி நின்றிருக்கலாம். கெஸ்ட்டுக்குள் நுழைய செயலியே மறுத்திருக்கலாம். அல்லது கெஸ்ட்டில் எந்தக் குறையும் இல்லாமல், நினைவகப் பற்றாக்குறையால் ஹோஸ்ட்டின் கர்னல், கெஸ்ட்டை இயக்கும் கியூஎமு நிரலின் செயல்முறையைக் கொன்றிருக்கலாம். வட்டில் இடம் தீர்ந்ததால் கியூஎமு கெஸ்ட்டை நிறுத்தியும் வைத்திருக்கலாம். கடைசி வகையைப் பிரித்தறிய பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இயந்திரத்தின் நிலையைக் காரணத்துடன் சொல்லும்படி மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டிடம் கேட்டு, அது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எழுதிவைக்கும் கியூஎமு பதிவையும் ஹோஸ்ட்டின் கர்னல் பதிவையும் பார்த்தால் போதும். மற்ற இரண்டிலும்தான் எந்தக் கருவியை நம்புவது என்ற கேள்வி எழுகிறது.

விழுந்த நேரத்து நினைவகத்தின் நகலை, அதாவது டம்ப்பை, எடுக்க லினக்ஸ் கெஸ்ட்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது கேடம்ப். கெஸ்ட்டின் நினைவகத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, அதில் இரண்டாவது கர்னல் ஒன்றை ஏற்றி வைத்திருப்பார்கள். முதல் கர்னல் விழுந்தவுடன் மறுதொடக்கம் இன்றியே வேறு கர்னலுக்குத் தாவும் கெக்செக் வழியாகக் கட்டுப்பாடு இரண்டாவதற்கு மாறும். அது பழைய நினைவகத்தை வாசித்து, வேண்டாத பக்கங்களை நீக்கி, சுருக்கிக் கோப்பாக எழுதும். ஹோஸ்ட்டில் எந்த உரிமையும் இல்லாத, வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரத்தை மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இதுவே வழி. விண்டோஸ் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது: விழும் தறுவாயில் நினைவகத்தைப் பேஜ் கோப்பில் கொட்டிவிட்டு, அடுத்த தொடக்கத்தில் அதை டம்ப் கோப்பாக மாற்றுகிறது. ஆகவே பேஜ் கோப்பு போதிய அளவில் இல்லையென்றால், தேவைப்படும் நாளில் டம்ப் இருக்காது.

கேடம்ப்பின் குறைகள் அதன் அமைப்பிலேயே இருக்கின்றன. கேடம்ப் சேவை தொடங்குவதற்கு முன் நேரும் முடக்கம் அதில் அகப்படாது. கோளாறு மெய்நிகர் வட்டுக்கான விர்ட்ஐஓ இயக்கியில் இருந்தால், இரண்டாவது கர்னலும் அதே இயக்கியைக் கொண்டுதான் கோப்பை எழுத வேண்டியிருக்கும். ஒரு ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள சிறிய கெஸ்ட்டில் அந்த ஒதுக்கீடே ஒரு சுமை. இவை அனைத்தையும்விட முக்கியமானது, டிரிபிள் ஃபால்ட் (பிழையைக் கையாளும் முயற்சியும் அடுத்தடுத்துப் பிழையாகும் நிலை) நேரும்போது கேடம்ப்புக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை என்பது. அப்போது செயலி நேராக ஹைப்பர்வைசரிடம் (இங்கே கேவிஎம்) வெளியேறுகிறது. கியூஎமு அதை மறுதொடக்கக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு கெஸ்ட்டை மீண்டும் தொடங்கிவிடுகிறது. காரணமே இல்லாமல் தானாக மறுதொடக்கம் ஆகிறது என்று சொல்லப்படும் கெஸ்ட்களில், மறுதொடக்கத்தைத் தடுக்கும் தெரிவுடன் கியூஎமுவை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஹோஸ்ட் பக்கத்திலிருந்து நினைவகத்தை எடுப்பது இதற்கு நேர்மாறானது: கெஸ்ட் எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதன் ஒத்துழைப்பு தேவையில்லை. லிப்விர்ட்டின் கட்டளைவரிக் கருவியான விர்ஷின் டம்ப் கட்டளையை, நினைவகம் மட்டும் போதும் என்ற தெரிவுடன் கொடுத்தால், கர்னல் டம்ப்களைப் பகுப்பாயும் கிராஷ் நிரல் வாசிக்கக்கூடிய கோப்பு கிடைக்கும். அந்தத் தெரிவை விட்டுவிட்டால், இயந்திரத்தை இடம்பெயர்ப்பதற்கான வடிவில் கோப்பு எழுதப்படும். நேரடியாக ஒப்படைக்கப்பட்ட பிசிஐ சாதனங்கள் உள்ள கெஸ்ட்டில் அது தோல்வியும் அடையும். லினக்ஸ் கெஸ்ட்டில் கர்னலின் முகவரி ஒவ்வொரு தொடக்கத்திலும் இடம் மாறுவதால், அந்த இடத்தை ஹோஸ்ட்டுக்குத் தெரிவிக்க உதவும் விஎம்கோர்இன்ஃபோ என்ற மெய்நிகர் சாதனத்தை முன்பே சேர்த்துவைத்திருந்தால் பகுப்பாய்வு எளிதாகும். விண்டோஸ் கெஸ்ட்டின் டம்ப்பை விண்டோஸின் பிழைதேடும் கருவியான விண்டிபக் வாசிக்கும் வடிவில் பெறவும் இதே சாதனமும், விர்ட்ஐஓ-வின் தொகுப்பில் வரும் அதற்குரிய இயக்கியும் வேண்டும். இவை இரண்டையும் விழுந்த பிறகு சேர்க்க முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கெஸ்ட் விழுந்ததை ஹோஸ்ட்டுக்கு அறிவிக்கும் பிவிபேனிக் சாதனத்தைச் சேர்த்து, முடக்கம் நேர்ந்தால் டம்ப் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யும்படி லிப்விர்ட்டில் அமைத்துவிட்டால், நள்ளிரவில் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இதை அமைக்கும் பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. லினக்ஸ் கர்னல் பேனிக் ஆகும்போது, இயல்புநிலையில் கேடம்ப்புக்கே முதலில் வழிவிடுகிறது; பிவிபேனிக் போன்ற அறிவிப்பாளர்களின் முறை அதற்குப் பின்புதான். கேடம்ப் ஏற்றப்பட்டிருந்தால் கட்டுப்பாடு திரும்பி வருவதே இல்லையாதலால், ஹோஸ்ட்டுக்குச் செய்தியும் போவதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்ற எண்ணம் ஆகவே பிழையானது. ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் எது முதன்மை என்று முடிவுசெய்தாக வேண்டும். ஹோஸ்ட் நம் கையில் இருக்குமானால், ஹோஸ்ட் டம்ப்பையே நான் தேர்வு செய்வேன்.

அதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஏஎம்டி எஸ்இவி போன்ற வசதியால் நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்ட கெஸ்ட்டில், ஹோஸ்ட் எடுக்கும் படிமம் பொருளற்ற பைட்டுகளின் குவியலாகவே இருக்கும்; அங்கே கேடம்ப் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, மறையாக்கம் இல்லாத கெஸ்ட்டின் முழுப் படிமத்தில் கடவுச்சொற்களும் மறைகுறிச் சாவிகளும் திறந்தே கிடக்கும் என்பதால், பிறருடைய இயந்திரங்களைப் பராமரிப்பவர் அவர்களுடைய ஒப்புதலின்றி அதை எடுத்து வைத்திருப்பது தகாது.

விழாமல் உறைந்துபோன கெஸ்ட்டுக்கு, விர்ஷ் வழியாக என்எம்ஐ (மறைக்க முடியாத) குறுக்கீடு ஒன்றை அனுப்பினால், விண்டோஸ் நீலத்திரை காட்டித் தன் டம்ப்பை எழுதும். லினக்ஸிலோ, அறியாத என்எம்ஐ வந்தால் பேனிக் ஆகும்படி முன்பே அமைத்திருக்க வேண்டும்.

இனி, செயலியே மறுக்கும் வகைக்கு வருவோம். 2022-இல், லினக்ஸ் 5.15 கர்னலுக்கு மாறிய இன்டெல் ஹோஸ்ட்களில் விண்டோஸ் 11, விண்டோஸ் சர்வர் 2022 கெஸ்ட்கள் திடீரென நின்றுபோவதாகப் பல முறையீடுகள் வந்தன. கியூஎமுவின் பதிவில் காணப்பட்டது, வன்பொருள் பிழை 80000021 என்ற பதினாறடிமான எண். அதன் முதல் இலக்கம் கெஸ்ட்டுக்குள் நுழைவதே தோற்றது என்பதையும், கடைசியில் உள்ள 21, அதாவது பதின்மத்தில் 33, கெஸ்ட்டின் நிலை செல்லத்தக்கதல்ல என்று செயலி கருதியதையும் குறிக்கின்றன. கெஸ்ட்டுக்குள் கேடம்ப்போ பேஜ் கோப்போ எதைத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனெனில் தனக்கு என்ன நேர்ந்தது என்பதே கெஸ்ட்டுக்குத் தெரியாது. ஹோஸ்ட்டின் கேவிஎம் தடங்களை (அது ஒவ்வொரு படியிலும் வெளியிடும் நிகழ்வுக் குறிப்புகளை) பதிவுசெய்து, கடைசி நுழைவுக்கு முன் நடந்தவற்றைப் பார்ப்பதுதான் இங்கே பயன் தரும். அந்தச் சமயத்தில் பலருக்குக் கைகொடுத்த தற்காலிகத் தீர்வும் கெஸ்ட்டில் இல்லை, 5.15-இல் இயல்புநிலையாகிவிட்டிருந்த டிடிபி எம்எம்யூ என்ற நினைவக மேலாண்மை முறையை ஹோஸ்ட்டில் அணைப்பதாகவே அது இருந்தது.

மெய்நிகராக்கத்துக்குச் செயலி தரும் வன்பொருள் துணையை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்ற அறிவுரையை அடிக்கடி கேட்கலாம். செயலியை மென்பொருளாலேயே போலச்செய்யும் கியூஎமுவின் டிசிஜி எமுலேஷனுக்கு மாறினால் ஒவ்வொரு குறுக்கீட்டையும் விதிவிலக்கையும் வரிவரியாகப் பதிய முடியும். கேவிஎம்மின் கீழ் அந்தப் பதிவு கிடைப்பதில்லை. தொடக்க நிலையிலேயே டிரிபிள் ஃபால்ட் ஆகும் சொந்தக் கர்னலை எழுதுபவருக்கு இதற்கு இணையான கருவி இல்லை. ஆனால் நாள்கணக்கில் ஓடிய பிறகு விழும் ஒரு தரவுத்தள வழங்கிக்கு இது உதவாது. வேகம் பெரிதும் குறைவதால் நேர ஒழுங்கு மாறி, கோளாறே மறைந்துவிடும். மறைந்ததை நிவர்த்தி என்று எண்ணிக்கொள்வது குற்றம் நடந்த இடத்தைக் கழுவிவிடுவதற்கு ஒப்பாகும். விர்ச்சுவல்பாக்ஸ் பயனர்களுக்கு இந்தத் தெரிவே இல்லை. 2019-இல் வந்த 6.1 பதிப்பிலிருந்து வன்பொருள் துணையற்ற மெய்நிகராக்கம் அதில் நீக்கப்பட்டுவிட்டது.

எமுலேஷனைவிடச் சிறிய, பயனுள்ள மாற்றம் செயலியின் மாதிரியை மாற்றுவது. ஹோஸ்ட் செயலியை அப்படியே காட்டும் முறை வேகமானது. ஆனால் அதை நம்பி கெஸ்ட் தேடிப்போகும் எம்எஸ்ஆர் பதிவகம் (செயலியின் மாதிரிக்கேற்ற சிறப்புப் பதிவகம்) ஏதேனும் கேவிஎம்மில் இல்லாவிட்டால், பொதுப் பாதுகாப்புப் பிழை கெஸ்ட்டுக்குள் செலுத்தப்படும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு இந்த முறையில் நீலத்திரை காட்டியதற்குக் காரணம் இதுவே. பெயரிடப்பட்ட பழைய மாதிரி ஒன்றுக்கு மாறியவுடன் முடக்கம் நின்றால், தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். அறியாத எம்எஸ்ஆர்களைப் புறக்கணிக்கும் கேவிஎம் அமைப்பு அதைவிட எளிதாகத் தோன்றினாலும், வாசிப்புக்குச் சுழியத்தைத் தந்து எழுத்தை விழுங்கிவிடும் அது ஹோஸ்ட்டில் உள்ள எல்லாக் கெஸ்ட்களையும் பாதிக்கும். ஆகவே சோதனைக்கு மட்டும் அதை இயக்கி, புறக்கணிக்கப்பட்ட பதிவகத்தின் எண்ணை ஹோஸ்ட்டின் கர்னல் பதிவிலிருந்து குறித்துக்கொண்டு, புதிய ஹோஸ்ட் கர்னல் அதைக் கையாளுகிறதா என்று பார்த்தபின் அமைப்பைப் பழையபடி மாற்றிவிட வேண்டும்.