மட்டக்களப்பில் ஒரு கூடைப்பந்து மதிப்பீட்டு வகுப்பு

அமெரிக்கக் கல்லூரி வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்து, அவர்கள் தொழில்முறை அணிக்குத் தேறுவார்களா என்று கணிக்கக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பொன்று மட்டக்களப்பு நகரில் நடந்தது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தைக் கண்டு வளர்ந்தவன் என்ற ஆர்வத்தில், மருமகனையும் அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன்.

வகுப்பின் சிறந்த பகுதி மைதானத்தில்தான் நடந்தது. ஆடவர் கல்லூரி ஆட்டத்தின் 6.75 மீற்றர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயின் 7.24 மீற்றர் தூரத்தில் பயிற்றுநர் சுண்ணாம்பால் இன்னொரு கோடு கீறினார். முதற்கோட்டிலிருந்து பத்துக்கு ஏழு போட்ட மருமகனின் பந்து, அரை மீற்றர் பின்வாங்கியதும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பியது. முழங்கால் மடிப்பும் மாறிப்போனது. மூன்று புள்ளி விழுக்காட்டை மட்டும் நம்பாமல், எவரும் தடுக்காத தனியெறிதல் விழுக்காட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கை எவ்வளவு சீரானது என்பது புலப்படும் என்று பயிற்றுநர் விளக்கியது மனத்தில் பதிந்தது.

19 வயதுக்காரரும் 22 வயதுக்காரரும் ஒரே அளவு புள்ளிகள் எடுத்தால் இளையவருக்கே மதிப்பு அதிகம் என்றார். அதை வேதவாக்காக்கியதில் எனக்கு உடன்பாடில்லை: நான்கு ஆண்டுகள் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2012ஆம் ஆண்டுத் தெரிவில் 35ஆவதாகவே எடுக்கப்பட்ட டிரேமண்ட் கிரீன், 2017இல் என்பிஏயின் சிறந்த தடுப்பாட்ட வீரரானார்.

விரித்த கைகளின் நீளத்தைப் பார்க்கும் கைவீச்சு அளவீடு அவசரமாக முடிந்தது. புரொஜெக்டர் முக்கால் மணிநேரம் இயங்காததால் தடுப்பாட்டக் காணொளிகளில் பாதி காட்டப்படவேயில்லை. கட்டணத்தில் ஒரு சதமும் குறையவில்லை. காணொளிகளை முன்கூட்டியே தருவார்களாயின் மறுபடியும் போவேன்.