மாஜிஸ்திரேட் லைசென்ஸா, கலால் லைசென்ஸா: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எது பாதுகாப்பானது?

1830-க்குப் பிறகு இங்கிலாந்தில் பீர் விற்றுப் பிழைக்க நினைத்தவருக்கு இரண்டு வழி இருந்தது. 1828 சட்டப்படி ஊர் மாஜிஸ்திரேட்டுகளிடம் முழு மதுக்கடை லைசென்ஸ் கேட்கலாம். இல்லையென்றால், பிரதமர் வெலிங்டனின் அரசு 1830-இல் கொண்டுவந்த சட்டப்படி கலால் துறையில் இரண்டு கினி (அன்றைய இங்கிலாந்துப் பணக் கணக்கு) கட்டி, மாஜிஸ்திரேட் முகத்தையே பார்க்காமல் பீர் கடை திறக்கலாம். முதலாவதுதான் உசத்தி என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். நூற்றாண்டின் கடைசிவரை பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முழு லைசென்ஸ் இருந்தால் ஜின், பிராந்தி, ரம் எல்லாம் விற்கலாம், லாபமும் அதில்தான். ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதற்கான கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து நிலக்கிழார்களும் பாதிரியார்களும்தான். மறுத்துவிட்டால் ஐந்து நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்து, ஜாமீன் கட்டி, கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், காலாண்டு நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாம். மறுத்த மாஜிஸ்திரேட் அந்த அப்பீலை விசாரிக்கக் கூடாது என்று சட்டமே தடுத்தது, இது நல்ல ஏற்பாடு. ஆனாலும் அங்கே விசாரிப்பவர்களும் அதே கவுண்டியின் மாஜிஸ்திரேட்டுகள்தானே. தோற்றால் செலவும் தலையில் விழலாம்.

பீர் கடைக்கு இந்தத் தலைவலியே இல்லை. மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாதபோது அப்பீல் எதற்கு? ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன, மாஜிஸ்திரேட்டுகள் கொதித்தார்கள். 1834-இல், கடையிலேயே உட்கார்ந்து குடிக்க விடுவதென்றால் உள்ளூர் வரி கட்டும் ஆறு பேரிடம் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும் என்று இறுக்கினார்கள்.

1869-இல் பீர் கடைகளையும் மாஜிஸ்திரேட்டுகளிடமே ஒப்படைத்தார்கள். சரி, கதை முடிந்தது என்று நினைப்போம், ஆனால் அந்த ஆண்டு மே 1-க்கு முன்பே நடந்துவந்த கடைகளுக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது. நடத்துபவரின் நடத்தை சரியில்லை, கடை ஒழுங்கீனமானது, முன்பே லைசென்ஸ் பறிபோனவர், சட்டத் தகுதி இல்லை, இந்த நான்கு காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் புதுப்பிக்க மறுக்க முடியாது.

முழு லைசென்ஸ்காரருக்கு இந்தக் கவசம் கிடையாது. 1872 சட்டத்தோடு, புது லைசென்ஸ் மறுக்கப்பட்டால் காலாண்டு நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் அடைபட்டது, புதுப்பித்தலுக்கு மட்டும் அப்பீல் மிஞ்சியது. அதுவும் எவ்வளவு பலவீனமானது என்பதை வட இங்கிலாந்தில் வெஸ்ட்மர்லாந்து கவுண்டியின் கென்ட்மியர் ஊர் வழக்கு காட்டியது. அங்கே சூசன்னா ஷார்ப் என்பவர் நடத்திய லோ பிரிட்ஜ் விடுதிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மறுத்ததற்குக் காரணம் தப்புத்தண்டா எதுவும் இல்லை. போலீஸ் கண்காணிப்புக்கு எட்டாத தூரம், அந்தப் பகுதிக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். வழக்கு படிப்படியாக ஏறி, அன்று உச்ச அப்பீல் மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 1891-இல் ஹால்ஸ்பரி பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் மாஜிஸ்திரேட்டுகள் பக்கமே நின்றார்கள். நியாயமாக, சட்டப்படி யோசித்து முடிவெடுக்க வேண்டும், ஆனால் புதுப்பித்தலிலும் அவர்களுக்கு முழு விருப்புரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒழுங்காகக் கடை நடத்தியவரின் பிழைப்பு இப்படிப் போவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

ஆக, நகரத்தில் ஜின் விற்றுச் சம்பாதிக்க முழு லைசென்ஸ்தான். தலைமுறைக்கும் கடை நிலைக்க வேண்டுமென்றால் 1869-க்கு முந்தைய பீர் கடையைத்தான் நான் சொல்வேன். தப்பு செய்யாமலே லைசென்ஸ் இழப்பவருக்கு நஷ்ட ஈடு என்பது 1904 சட்டத்தில்தான் வந்தது, அந்தப் பணமும் லைசென்ஸ்காரர்களிடமே வசூலித்தது.