ஹானாவும் காரெட்டும் பேசிக்கொண்டிருக்கும்வரை: ‘தி டீல்’ மறுவாசிப்பு அனுபவம்

எல் கென்னடியின் ‘ஆஃப் கேம்பஸ்’ காதல் நாவல் வரிசையை ப்ரைம் வீடியோ தொடராக எடுக்கிறது என்ற செய்தி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: “எதுல ஆரம்பிக்கிறது?” முதல் புத்தகத்தில்தான். ‘தி டீல்’ 2015-ல் வந்தது. எழுத்தாளரே சொந்தமாக வெளியிட்டார். வந்த புதிதில் ஒரே மூச்சில் படித்தேன். அப்புறம் வேலையில் மண்டை காயும்போதெல்லாம் எடுத்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. இத்தனை வருஷப் புழக்கத்துக்குப் பிறகு எது தேய்ந்திருக்கிறது, எது தேயாமல் நிற்கிறது என்று சொல்லத்தான் இது.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். மாசசூசெட்ஸில் பிரையர் என்றொரு கற்பனைப் பல்கலைக்கழகம். காரெட் கிரஹாம் அங்கே ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன். அறவியல் தேர்வில் தோற்றுவிட்டான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மதிப்பெண் சராசரி குறைந்தால் களத்தில் இறங்க முடியாது. ஹானா வெல்ஸ் இசை மாணவி, நன்றாகப் பாடுவாள், அதே தேர்வில் பிரமாதமாக எழுதியவள். ஹாக்கிக்காரர்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. ஆனால் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒரு பையன் மேல் அவளுக்கு ஒரு கண். இவள் காரெட்டுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு அவன் இவளோடு ஒரு டேட் போவதாகக் காட்டிக்கொண்டு அந்தப் பையனைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். இதுதான் பேரம். அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். அப்படியும் பக்கங்கள் ஓடுகின்றன.

காரணம் பேச்சு. பேரம் படியும் முன் அவன் விடாமல் நச்சரிப்பதும் இவள் முகத்துக்கு நேரே முடியாது என்பதும், ‘பிரேக்கிங் பேட்’ பார்த்தபடி இருவரும் வாயாடுவதும் இன்றைக்கும் சிரிப்பு வரவைக்கின்றன. ‘வெல்ஸி’ என்று அவன் கூப்பிடுவது முதலில் சீண்டல்தான். அதே பெயர் உரிமையாக மாறுவதை ஆசிரியர் எங்கும் அறிவிப்பதில்லை, நாமே கவனிக்கிறோம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவள் குரலும் அவன் குரலுமாக மாறி மாறி வருவதால், ஒருவர் சொல்லாமல் விழுங்கியது மற்றவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மறுவாசிப்பில் அந்த இடங்கள்தான் கூடுதல் ருசி.

எதிரெதிர் துருவங்கள் என்றுதான் இந்த நாவலை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அது மேல்பூச்சாகவே படுகிறது. பாட்டுக்காரி, ஆட்டக்காரன் என்ற வித்தியாசத்தை உரித்துப் பார்த்தால் இருவரும் ஒரே ரகம். ஹானா பதினைந்து வயதில் ஒரு பார்ட்டியில் மயக்கமருந்து கொடுக்கப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவள். காரெட்டின் அப்பா பெயர்பெற்ற ஹாக்கி வீரர். வீட்டுக்குள் கைநீட்டும் மனிதர். இருவருமே இதை ஊருக்குச் சொல்லாமல் தங்கள் திறமைக்குப் பின்னால் மறைந்து வாழ்கிறார்கள்.

முதல் வாசிப்பில் நான் அவசரமாகத் தாண்டிப்போன ஒரு சின்ன விவரம், இப்போது ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. பார்ட்டிகளில் ஹானா குடிக்கும் விஷயத்தில் அப்படி உஷாராக இருப்பாள். மற்றவர்களுக்கு அது வெறும் கெடுபிடி. காரணம் தெரிந்த பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பினால் அவளுடைய ஒவ்வொரு மறுப்புக்கும் எடை கூடிவிடுகிறது. பின்னால், தன் உடம்பு மறுபடி நெருக்கத்துக்கு இசையுமா என்று தெரிந்துகொள்ள, நம்பிக்கையான ஆள் என்று காரெட்டிடம் அவளே கேட்கிறாள். அந்தப் பகுதியைக் கென்னடி எழுதியிருக்கும் விதம் இந்த வகை நாவல்களில் அபூர்வம். முதல் முயற்சியிலேயே எல்லாம் கூடிவந்துவிடுவதில்லை. கேட்கிறார்கள், நிறுத்துகிறார்கள், சங்கடப்படுகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். காதலால் காயம் மாயமாகிவிட்டது என்ற பாவனையும் இல்லை. அவள் ஏற்கெனவே சிகிச்சைக்குப் போய்த் தன்னைத் தேற்றிக்கொண்டவள். சூடான காட்சிகள் தாராளமாக உண்டு, ஆகவே பெரியவர்களுக்கான புத்தகம். அந்த வன்கொடுமை நினைவு தாங்காது என்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு எடுங்கள்.

இதனால்தான் கடைசிக் கால்வாசி எனக்கு வருஷத்துக்கு வருஷம் கசக்கிறது. (திருப்பம் தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) காரெட்டின் அப்பா ஹானாவை மிரட்டுகிறார்: அவனை விட்டு விலகாவிட்டால் அவன் படிப்புச் செலவை நிறுத்திவிடுவேன் என்று. இவளும் உண்மையை அவனிடம் சொல்லாமல் ஒரு பொய்க் காரணம் காட்டிப் பிரிகிறாள். எதையும் நேருக்கு நேர் பேசித் தீர்த்த பெண் திடீரென்று தியாகத் திலகம் ஆகிவிடுகிறாள்! முதல் தடவை அழுதேன் என்பது வேறு விஷயம். இப்போது அந்த இடம் வந்தால் விரல் தானாகப் பக்கங்களைத் தள்ளுகிறது. கதையைக் கொஞ்சம் இழுக்க ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹாக்கிக்காக யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. இருபது நிமிடப் பகுதிகள் மூன்றாக ஓடும் ஆட்டம், பயிற்சி, பேருந்துப் பயணம், உடைமாற்றும் அறைக் கலாட்டா, அதற்கு மேல் ஆழம் கிடையாது. கல்லூரி ஹாக்கியில் கைகலப்புக்குக் கண்டிப்பு அதிகம். அடித்தால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதோடு அடுத்த ஆட்டத்துக்கும் தடை. அது தெரிந்தால், காரெட் பனித்தளத்தில் நிதானம் இழக்கும் காட்சியில் அவன் எதைப் பணயம் வைக்கிறான் என்பது உறைக்கும். இன்னொன்று: கல்லூரி வீரர்கள் முகம் முழுக்க மூடும் கவசம் மாட்டிக்கொண்டுதான் ஆடுவார்கள். இந்த வகை நாவல் அட்டைகளில் சட்டையில்லாமல் நிற்கும் அண்ணன்களைப் பார்த்து எனக்கு வரும் சிரிப்புக்கு அதுதான் காரணம்.

வரிசை முறையைப் பற்றி. காரெட்டும் அணித் தோழர்களும் சேர்ந்து தங்கும் வீட்டில் நான்கு பேர், ஆளுக்கொரு புத்தகம். லோகனுக்கு ‘தி மிஸ்டேக்’, டீனுக்கு ‘தி ஸ்கோர்’, டக்கருக்கு ‘தி கோல்’. தனித்தனியாகவும் படிக்கலாம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். லோகனுக்கு ஹானா மேல் இருக்கும் மயக்கம் முதல் புத்தகத்தில் ஓரமாக வருகிறது, இரண்டாவதில் அதுவே வினையாகிறது. மூன்றும் நான்கும் காலத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் மாற்றிப் படித்தால் ஒரு பெரிய அதிர்ச்சி வீணாகிவிடும். எனக்கு இரண்டாவது சப்பென்று இருந்தது. நான்காவதை, ஹார்வர்டில் சட்டம் படிக்கத் துடிக்கும் சப்ரினாவுக்காக, ‘தி டீல்’ அளவுக்கே பிடிக்கும். பணமில்லாத வீட்டுப் பெண்ணின் நேர நெருக்கடி அதில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

2021-ல் வந்த ‘தி லெகஸி’ நான்கு ஜோடிகளின் பிற்காலத்தைச் சொல்லும் குறுநாவல்கள். முதல் நான்கும் பிடித்தவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. ‘தி டீல்’ மட்டும் வேண்டும் என்றால் முதலில் இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். ஹானாவின் குரல் அதிலேயே ஒட்டவில்லை என்றால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.