மினிவேனின் முன் ஆக்சில்களும் பால் ஜாயிண்டுகளும்: ஒரு பணிமனையின் வேலை பற்றி

முன்சக்கர இயக்கம் கொண்ட எங்கள் மினிவேனின் இரண்டு முன் ஆக்சில் ஷாஃப்டுகளையும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள்), லோயர் ஆர்ம் எனும் கீழ்க்கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டுகளையும், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் டை ராடு எண்டுகளையும், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்குகளையும் ஒரே முறையில் மாற்றிக் கொடுத்த பணிமனையின் வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. கைவேலைக்கு நான் தயங்காமல் உயர்ந்த மதிப்பெண் தருவேன். அவர்கள் தேர்ந்தெடுத்த ஆக்சிலுக்கு அதே மதிப்பெண்ணைத் தர முடியவில்லை.

முதலில் பிடித்தது, வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே மெக்கானிக் அதை ஓட்டிப் பார்த்ததுதான். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துக்கொண்டு நகரும்போது கேட்கும் ‘டக் டக்’ ஓசை சக்கரத்தை ஒட்டிய, ஆக்சிலின் வெளி ஜாயிண்ட் தேய்ந்ததற்கான அடையாளம். நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்தவுடன் அடங்கிவிடும் உதறல் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கமுள்ள உள் ஜாயிண்டிலிருந்து வருவது. எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன. பிறகு வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பி, பால் ஜாயிண்டில் இருந்த ஆட்டத்தை அவர் என் கண்ணெதிரே காட்டினார். இப்படிக் காட்டாமல் பட்டியல் மட்டும் நீட்டும் இடங்களை நான் நம்புவதில்லை.

வெளி ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெங்கும் தெறித்திருந்தது. கிழிசலை ஓசை தொடங்குவதற்கு முன்பே கண்டிருந்தால், ஜாயிண்டைக் கழுவி, புதிய உறையும் கிரீஸும் போட்டு அதே ஆக்சிலை நெடுங்காலம் ஓட்டியிருக்கலாம். உள்ளே மண் புகுந்து குண்டுகளும் அவை உருளும் தடங்களும் அரைபட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆக்சிலை உருவ வேண்டுமானால் எப்படியும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை விடுவித்தாக வேண்டும் என்பதால், தேய்ந்த பால் ஜாயிண்டையும் டை ராடு எண்டையும் அப்போதே மாற்றலாம் என்ற யோசனை நியாயமானது. கூலியின் பெரும்பகுதி கழற்றி மாட்டுவதற்கே போகிறது. அதை இரண்டு முறை கொடுப்பதில் பொருளில்லை.

பொருத்திய விதம் இன்னும் விரிவாகச் சொல்லத் தக்கது. கியர்பாக்ஸின் ஆயில் சீல்களை மாற்றிய பிறகே புதிய ஆக்சிலை உள்ளே செலுத்தினார்கள். ஆக்சிலைக் கழலாமல் பிடித்து வைக்கும் சர்க்ளிப் வளையம் தன் பள்ளத்தில் அமர்ந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்தார்கள். வழிந்த எண்ணெயின் அளவை நிரப்பினார்கள். சக்கர மையத்தில் ஆக்சிலை இறுக்கும் ஹப் நட்டுக்குப் பழையதைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியதைப் போட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள். பல வண்டிகளில் அந்த அளவு 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் என்பதால் கைக்கணக்கு இங்கே உதவாது. நட்டு தளர்வாக இருக்கையில் சக்கரத்தின் மேல் வண்டியின் எடை இறங்கினால் வீல் பேரிங் கெடக்கூடும். பால் ஜாயிண்டின் நட்டில், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்குரிய துளை நேராக வராதபோது, நட்டைத் தளர்த்தாமல் சற்றே கூடுதலாக முறுக்கித்தான் துளையைச் சேர்த்தார்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களுக்கான போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்தே இறுக்கியது இவை எல்லாவற்றையும்விட எனக்கு மதிப்பாகத் தோன்றியது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து விரைவில் கிழிந்துபோகும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது.

வீல் அலைன்மென்ட்டையும் உடனே செய்து கொடுத்தார்கள். டை ராடு எண்ட் மாறினால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணமான டோ அளவும் மாறும் என்பதால் அது தவிர்க்க முடியாதது.

இனி குறை. போட்டது வேறு தயாரிப்பாளரின் புதிய ஆக்சில். பழைய வலப்பக்க ஷாஃப்டின் நடுவில், அதிர்வை விழுங்குவதற்காக ரப்பரில் பொதிந்த எடை வளையம் ஒன்று இருந்தது; புதியதில் அது இல்லை, தண்டும் சற்று மெல்லியது. ஓட்டத்தில் உதறல் அறவே போய்விட்டது, திருப்பங்களில் ஓசை இல்லை, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. ஆனால் ஆட்டோமேட்டிக் கியரை ‘டி’யில் வைத்து பிரேக்கை மிதித்து நிற்கும்போது, முன்பு இல்லாத மெல்லிய அதிர்வு இருக்கையில் தெரிகிறது. ஆபத்தானது அல்ல என்றாலும், பணம் கொடுத்து வாங்கிய புதுப் பொருளில் இதை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், தண்டின் தடிமன், பற்களின் எண்ணிக்கை, எடை வளையம், சில வண்டிகளில் ஆக்சிலோடு இருக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பல் வளையம் ஆகியவற்றை மாட்டுவதற்கு முன்பே ஒப்பிட்டு வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். வண்டி நிறுவனத்தின் அசல் ஆக்சிலையே புதுப்பித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

மூட்டுகளையும் புஷ்களையும் தொடும் எந்த வேலைக்கும் இந்தப் பணிமனைக்கே மீண்டும் போவேன். ஆக்சிலை மட்டும் நானே பார்த்து வாங்கிக் கொடுப்பேன். போகிறவர்கள், சோதனை ஓட்டம் முடியும்வரை பழைய ஆக்சில்களைத் தங்களுக்காக எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: புதுப்பித்த ஆக்சிலை விற்பவர்கள் பெரும்பாலும் பழையதை மாற்றாகக் கேட்பார்கள், நான் கேட்டபோது எங்களுடையது பழைய இரும்போடு போய்விட்டிருந்தது.