கருத்தரங்கு நிகழ்ச்சி நிரலுக்கு டெலிகிராம் பாட்: கூகுள் ஷீட்டும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும் தாங்குமா?

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நடக்கிற இரண்டு நாள் கருத்தரங்குகளில் விசாரணை மேசைக்கு வரும் கேள்விகள் மொத்தமே ஐந்தாறுதான். சாப்பாடு எத்தனை மணிக்கு, அடுத்த அமர்வு எந்த அரங்கில், பையூர் சார் பேசிட்டாரா, சான்றிதழ் எப்போ தருவாங்க, கடைசி அமர்வு முடிஞ்சதும் ஓசூர் பஸ் பிடிக்க முடியுமா. இதற்கெல்லாம் ஒரு பாட் (கேட்டதற்குத் தானாகவே பதில் அனுப்பும் புரோகிராம்) போதும். பாட் உருவாக்கித் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதர், நிரலை வைக்கக் கூகுள் ஷீட், ஷீட்டைப் படித்துப் பதில் அனுப்பக் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், இந்த மூன்றையும் சேர்த்தால் சர்வர் வாடகை இல்லாமல் கட்டிவிடலாம். நாற்பது, ஐம்பது அமர்வுள்ள நிகழ்ச்சியை இது தாராளமாகத் தாங்கும். சொதப்பல் வந்தால் பெரும்பாலும் ஷீட்டிலிருந்துதான் வரும்.

பாட்ஃபாதர் வேலை ஐந்து நிமிடம். 'நியூபாட்' கட்டளை, ஒரு பெயர், 'பாட்' என்று முடியும் யூசர்நேம், உடனே டோக்கன் என்ற ரகசியச் சாவி கைக்கு வந்துவிடும். அதை ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடக் கூடாது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, பாட் அவர் சொன்னபடிதான் ஆடும்.

ஷீட்டுக்கு நிதானம் வேண்டும். நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் டிடிபி கடையிலிருந்து பாமினி எழுத்துருவில் வரும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் கிடைக்கும், முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பிறகு நாள், தொடக்கம், முடிவு, அரங்கு, தலைப்பு, பேசுபவர், வேறு பெயர்கள், நிலை என்று எட்டு நெடுக்குப் பத்திகள், ஓர் அமர்வுக்கு ஒரு வரி. அழைப்பிதழில் 'தேநீர் இடைவேளை' என்பதை மூன்று அரங்குக்கும் சேர்த்து ஒரே கட்டமாகப் போட்டிருப்பார்கள். ஷீட்டிலும் அப்படி மெர்ஜ் செய்தால் முதல் கட்டத்தில் மட்டும்தான் எழுத்து இருக்கும், மற்ற இரண்டும் காலி. இரண்டாம் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் டீ எப்போ என்று கேட்டால் பாட் முழிக்கும்.

நேரம் இன்னொரு வில்லங்கம். நம் ஊரில் மதியம் 2.30 என்று புள்ளி வைத்துத்தான் எழுதுவோம். ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 2.3 ஆக்கிவிடும். சரி என்று 2:30 போட்டால் அது நேரமாகிவிடும். அதை 'கெட்வேல்யூஸ்' என்ற ஸ்கிரிப்ட் கட்டளை கொண்டு படித்தால் 1899 டிசம்பர் 30 என்ற தேதி ஒட்டிக்கொண்டு வரும். இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906இல். அதற்கு முந்தைய தேதிகளுக்குக் கணினியின் நேர மண்டலப் பட்டியல் பழைய மெட்ராஸ் நேரத்தைப் பார்க்கிறது. அது இன்றைய நேரத்துக்குச் சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்கியது. அமர்வு நேரம் அந்த ஒன்பது நிமிடம் நழுவ இடமுண்டு. வெள்ளைக்காரன் காலத்து நேரம் கிருஷ்ணகிரி மாங்கூழ் அமர்வில் வந்து விளையாடுகிறது! நேரப் பத்திகளைப் 'ப்ளெயின் டெக்ஸ்ட்' (வெறும் எழுத்து) ஆக்கி, கண்ணில் தெரிவதை அப்படியே எடுக்கும் 'கெட்டிஸ்ப்ளேவேல்யூஸ்' கொண்டு படித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கிரிப்ட்டின் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தாதானா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

'வேறு பெயர்கள்' பத்தியைச் சோம்பலில் விட்டால் பாட் ஊருக்கு ஒட்டாது. அழைப்பிதழில் 'தோத்தாபுரி' என்றிருக்கும். விவசாயி 'பெங்களூரா' என்பார், இன்னொருவர் 'கிளிமூக்கு' என்பார். மூன்றும் ஒரே மாம்பழம். ஆனால் 'பெங்களூர்' என்ற தொடக்கத்தை மட்டும் வைத்துத் தேடினால், பெங்களூரு பஸ் கேட்டவருக்கு மாம்பழ அமர்வைக் காட்டும். எனவே முழுச் சொல்லாகப் பொருத்த வேண்டும். பேசுபவரின் பெயர் தெரியாமல் 'பையூர் சார்', 'பாப்பாரப்பட்டி மேடம்' என்று கேட்பதும் உண்டு. ஊர்ப்பெயரையும் இந்தப் பத்தியிலேயே சேர்த்துவிடலாம். இன்னொன்று: 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறி கணினிக்குள் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. கேள்வியையும் ஷீட்டையும் 'நார்மலைஸ்' செய்து, ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும்.

பட்டன் வைத்தால் டைப் அடிக்கும் தொல்லையே பாதி குறையும். ஆனால் பட்டனுக்குப் பின்னால் வைக்கும் தகவலுக்கு 64 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'மாங்கூழ் ஏற்றுமதி வாய்ப்புகள்' என்ற தலைப்பே 83 பைட் வரும், டெலிகிராம் பிழை காட்டித் திருப்பி அனுப்பும். அங்கே வரி எண்ணை மட்டும் வையுங்கள்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் மூன்று இடம் கவனம். வெப் ஆப்பாக வெளியிடும்போது அனுமதி 'எனிஒன்' (யாரும் அணுகலாம்) என்றிருக்க வேண்டும். ஸ்கிரிப்ட்டைத் திருத்தினால் 'மேனேஜ் டெப்ளாய்மென்ட்ஸ்' போய்ப் புது வெர்ஷன் போட வேண்டும். 'நியூ டெப்ளாய்மென்ட்' அழுத்தினால் முகவரியே மாறிவிடும், வெப்ஹூக் (டெலிகிராம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முகவரி) பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்தது, ஸ்கிரிப்ட்டின் 'கன்டென்ட்சர்வீஸ்' வழியாகப் பதில் சொன்னால் கூகுள் 302 (வேறு முகவரிக்குப் போ என்ற குறி) அனுப்பும். டெலிகிராமுக்கு அது தோல்வி, அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒரே கேள்விக்கு ஏழெட்டுப் பதில் வந்து விழுந்தால் காரணம் இதுதான். 'ஹெச்டிஎம்எல்சர்வீஸ்' வழியே வெற்றுப் பதில் கொடுத்தால் நின்றுவிடும். மூன்றாவது, சாப்பாட்டு நேர நெரிசல். ஒரு கூகுள் கணக்கில் ஒரே சமயத்தில் ஸ்கிரிப்ட்டின் 30 ஓட்டங்கள்தான். டெலிகிராமோ வழக்கமாக 40 இணைப்புவரை திறக்கும். வெப்ஹூக் அமைக்கும்போதே அதை 10 ஆக்கி, ஷீட்டை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் படிக்கும்படி கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்தால் கூட்டம் வரிசையில் நிற்கும்.

ஏஐ சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியைப் புரிந்துகொள்ள மட்டும் சேர்க்கலாம். நேரத்தையும் அரங்கையும் ஷீட்டிலிருந்து அப்படியே எடுத்துத்தான் காட்ட வேண்டும், ஏஐ மாடல் தன் வாயால் சொல்லக் கூடாது. நிகழ்ச்சி நிரலைத் துண்டு துண்டாக வெட்டித் தேடும் முறை இங்கே வீண் வேலை: தலைப்பு ஒரு துண்டிலும் அரங்கு இன்னொன்றிலும் போய்ச் சேரும். ஐம்பது வரியை மொத்தமாகவே கொடுத்துவிடலாம். கூடவே இப்போதைய தேதியும் மணியும் கொடுக்காவிட்டால் 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு ஏதாவது ஒன்றை அடித்துவிடும்.

பெரிய குறை, நம் பக்கம் எல்லோர் போனிலும் இருப்பது வாட்ஸ்அப், டெலிகிராம் இல்லை. வாட்ஸ்அப்பிலும் கட்டலாம், ஆனால் பதில் பட்டன் மூன்று, பட்டியலில் பத்து வரி என்ற அளவுதான். கேட்டவரின் கடைசிச் செய்திக்குப் பிறகு 24 மணி நேரம் கடந்து செய்தி அனுப்ப முன் அனுமதி பெற்ற டெம்ப்ளேட் வேண்டும். டெலிகிராமிலும் பாட் முதலில் போய்ப் பேச முடியாது, வந்தவர் 'ஸ்டார்ட்' தட்ட வேண்டும். அதற்கு அரங்க வாசலிலேயே க்யூஆர் ஒட்டுவது நல்லது. இணைப்பின் கடைசியில் அரங்கு எண்ணைச் சேர்த்தால், ஸ்கேன் செய்து 'ஸ்டார்ட்' தட்டியதும் அந்த அரங்கின் நிரலே வரும்படி வைக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மீதி ஒன்றரை அன்றைய தினம் 'நிலை' பத்தியை யார் திருத்துகிறார் என்பதைப் பொறுத்தது. சிறப்பு விருந்தினர் தொப்பூர் கணவாயில் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றால் மொத்த நிரலும் அரை மணி தள்ளும். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் போனில் ஷீட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலின் அடியிலும் 'கடைசித் திருத்தம் 11.42' என்று வரும்படி வைத்துவிடுங்கள்.