பாளையங்கோட்டையா, ஸ்ரீவைகுண்டமா? பொருநைக் கரையில் களப்பணிக்கு வீடு பிடிக்கும் முன்

பொருநை என்னும் தாமிரபரணியை ஒட்டிய ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பக்கம் அகழாய்வுக் களப்பணிக்கு வரத் தயாராகும் வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் முதலில் கேட்பது, எங்கே தங்குவது என்றுதான். பாளையங்கோட்டை (பாளை), ஸ்ரீவைகுண்டம் இரண்டு ஊரிலும் வீடு பார்த்துவிட்டு நாங்கள் ஸ்ரீவைகுண்டத்தைப் பிடித்தோம். அடுத்த பருவத்துக்கும் அங்கேதான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். பாளை எதில் மேல் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

பாளையின் வசதிகள் தெரிந்தவைதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஹைகிரவுண்டிலேயே இருக்கிறது. அகழாய்வுக் குழியின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடிக்கலாம், லேப்டாப் பழுது பார்க்கலாம், ராத்திரி பத்து மணிக்கும் சாப்பாடு கிடைக்கும். அரசு அருங்காட்சியகமும் அங்கே உண்டு. வந்து இறங்கிய முதல் வாரத்தைப் பாளையில் கழிப்பது நல்லது; சாமான் எல்லாம் அங்கேயே வாங்கி முடித்துவிடலாம்.

தூரத்தைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியதில்லை. திருச்செந்தூர் சாலையில் பாளையிலிருந்து ஆதிச்சநல்லூர் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் சில கிலோமீட்டர்தான். சிவகளை ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நேர் வழி. வெயில் ஏறுமுன் ஆறரை மணிக்குக் குழியில் இறங்க வேண்டும். குழியின் படத்தைச் சாய்ந்த வெயில் விழுமுன் எடுத்தாக வேண்டும். பாளையில் இருந்தால் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். எக்ஸ்பிரஸ் பேருந்துகள் சின்ன நிறுத்தங்களில் நிற்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது தூரம் அல்ல, பானை ஓடு காய வைக்கும் இடம். வீடு பார்க்கும்போது படுக்கையறை எத்தனை என்று கேட்குமுன், பானை ஓடுகளை எங்கே கழுவுவது, எங்கே உலர்த்துவது என்று பாருங்கள். மண்ணில் கிடைப்பதில் பெரும்பங்கு ஓடுதான். நாலைந்து பை வந்த நாளில் அன்றைக்கே கழுவாமல் விட்டால் மறுநாள் எட்டுப் பை ஆகும், வாரக் கடைசியில் எந்தப் பை எந்த மண்ணடுக்கு என்று அடையாளச் சீட்டைத் தேடும் நிலை வரும். கண்டெடுத்தவற்றை எங்கே வைத்துக் கையாளலாம் என்பதைத் தொல்லியல் துறையிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லையென்றால் கீழே சொல்லும் எல்லாம் களக்கொட்டகைக்குப் பொருந்தும்.

பாளையில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள்தான். உலர்த்த மொட்டை மாடி ஒன்றே வழி. நேர் வெயிலில் ஓடு வேகமாகக் காயும், அதுதான் சிக்கல். ஈரம் வேகமாக வெளியேறும்போது உள்ளே இருக்கும் உப்பும் மேற்பரப்புக்கு வந்து படிகமாகும். மேல்பூச்சு செதிலாக உரியும், அதில் கீறிய குறியீடு இருந்தால் அதுவும் போகும். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக அடிக்கும் காற்று சீட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். அடையாளம் தொலைந்த ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. கழுவிய சேறு குளியலறைக் குழாயில் இறங்கினால் அடைப்பு, கீழ்வீட்டாரோடு சண்டை.

ஸ்ரீவைகுண்டத்தில் முற்றம் வைத்த பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நிழல் இருக்கிறது, காற்று வருகிறது, ஆனால் சீட்டைப் பறக்கடிக்கும் அளவுக்கு அடிப்பதில்லை. நாங்கள் செய்வது இது. இரண்டடிக்கு மூன்றடி மரச்சட்டத்தில் நைலான் கொசுவலையை இழுத்து அடித்த தட்டுகள் இருபது. ஒரு பைக்கு ஒரு தட்டு. பை சிறியதாக இருந்தாலும் இரண்டைக் கலக்கக் கூடாது. சீட்டை பென்சிலில் எழுதித் தட்டின் சட்டத்தில் நூலால் கட்டிவிட வேண்டும், மேலே சும்மா வைக்கக் கூடாது. பேனா மை ஈரத்தில் கரையும். மூன்று தொட்டி: முதலாவதில் ஊறல், இரண்டாவதில் மென்மையான பிரஷ், மூன்றாவதில் அலசல். முதலில் உடைந்த விளிம்பைத் தேய்த்து அழுக்கு போகிறதா, ஓடே கரைகிறதா என்று பாருங்கள். கரைந்தால் நிறுத்திவிட்டு உலர் பிரஷ் மட்டும். சேற்றைத் தொட்டியில் தெளியவிட்டு, மேல் நீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, அடிமண்ணைக் களத்துக்கே கொண்டுபோய்க் கொட்டலாம்.

காய்ந்ததா என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. தடித்த விளிம்புத் துண்டு ஒன்றை ஜிப் கவரில் போட்டுப் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள். கவரின் உட்புறம் ஆவி பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மறுநாள் சாயங்காலமே காய்ந்துவிடும், மூடாக்கு நாளில் மூன்று நாள் கூட ஆகும். அவசரப்பட்டுப் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். எண் எழுதும்போது முதலில் மெல்லிய பாராலாய்ட் பி-72 (அக்ரிலிக் பிசின்) பூச்சு, அதன் மேல் கறுப்பு மை, மறுபடி ஒரு பூச்சு. நகப்பூச்சு மலிவுதான், ஆனால் சில வருடங்களில் மஞ்சளாகி எண்ணோடு உரிந்துவிடும்.

எல்லாவற்றையும் கழுவக் கூடாது என்பதும் முக்கியம். இரும்பு, செம்பு, எலும்பு, கரி, உள்ளே எதோ படிந்திருக்கும் ஓடு, இவை தண்ணீர் பக்கமே போகக் கூடாது. இரும்பை சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவிலும், கரியைக் கை படாமல் அலுமினியத் தாளிலும் வைக்க வேண்டும். முதுமக்கள் தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்தான் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பைத் தந்தது. அந்த மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை அரை மில்லிமீட்டருக்கும் சன்னமான சல்லடையில் வடித்து, மல் துணியில் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். ஒரு வாளி மண்ணுக்கு நாலைந்து முறை தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். அடுக்குமாடி வீட்டில் இதை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது.

தண்ணீரும் இதோடு சேர்ந்ததுதான். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய் இருக்கும் வீடாகப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு மட்டும் என்றால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் தடிப்பாக விழுந்தால் உப்பு அதிகம். வீட்டுக்கார அம்மாவிடம் "இந்தத் தண்ணில பருப்பு வேகுமாம்மா?" என்று கேட்டாலும் போதும், சரியான பதில் வந்துவிடும். உப்புத் தண்ணீர்தான் வாய்த்தது என்றால், கடைசி அலசலுக்காவது ஆற்றுத் தண்ணீர் இரண்டு வாளி பிடித்து வையுங்கள்.

இனி ஸ்ரீவைகுண்டத்தின் குறைகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான் இருக்கிறது. தாழ்வான தெருவில் வீடு எடுக்காதீர்கள், ஐப்பசி பிறக்குமுன் பெட்டிகளைத் தரையிலிருந்து நாலடி உயர அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எழுத்து வேலை மட்டும்தான் என்றால் பாளைக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இரண்டு ஊரிலும் உண்டு. பாளையில் பல கட்டடங்களில் இன்வெர்ட்டர் இருக்கும், ஸ்ரீவைகுண்டத்தில் நீங்களே வாங்கி வைக்க வேண்டியிருக்கும். பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு பார்த்தால் அசைவம் சமைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர், வேலைக்கு வரும் மூத்தவர்கள் எல்லாரையும் அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் மறுநாள் ஆள் வராது.

ஸ்ரீவைகுண்டத்தில் தனி வீட்டுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று, வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவது. பாளை லாட்ஜ்களில் தாங்களாகவே செய்துவிடுவார்கள். இங்கே வாடகை பேசும்போதே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, முன்பணம் கொடுக்குமுன் ஒப்புதல் வாங்குங்கள். நீண்டகால விசாவில் வருபவர்கள் 14 நாளுக்குள் தங்கள் பதிவையும் முடித்தாக வேண்டும். ஓசிஐ (OCI) அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் ஆய்வுக்குத் தனி அனுமதி தேவை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஜிபிஎஸ் கருவியை உங்கள் நாட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உரிமம் இல்லாமல் இங்கே வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடலாம்.

கருவிகளில் கொத்துக்கரண்டியும் அளவுக்கோலும் மட்டும் கொண்டுவந்தால் போதும். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு (மேட்டு நிலம்) வெள்ளைக்கல் கலந்த கெட்டித் தரை, கடப்பாரை முனை சீக்கிரம் மழுங்கும். பட்டறையில் காய்ச்சி அடித்துத் தருவார்கள், இரண்டு கடப்பாரையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பைச் சுற்றி மண் எடுக்க மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளலாம், இரும்பு பட்டால் கீறல் விழும். செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள ஷூ போதும். உடைமுள் மெல்லிய ரப்பரைத் துளைத்துக் காலில் ஏறும்.

வேலை கொற்கையில் மட்டும் என்றால் பக்கத்து ஊரான ஏரலைப் பார்க்கலாம். நாங்கள் அங்கே தங்கியதில்லை, கடைத்தெருவும் பேருந்தும் வசதியாகத்தான் தெரிந்தன. முற்றம் வைத்த வீடு கிடைக்கிறதா, குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறதா என்று இந்த இரண்டையும் நேரில் போய்ப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.