அலுவலகக் கூட்டத்துக்கு ஜூமா, மீட்டா, டீம்ஸா?

வாராவாரம் எங்கள் குழுவின் வீடியோ கூட்டத்தை நடத்துவது நான்தான். இலவசக் கணக்கில் ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டிலும் டீம்ஸிலும் குழுவாக 60 நிமிடம் பேசலாம். அந்த 20 நிமிடம் எனக்குப் பெரிய விஷயம். முடிவெடுக்கிற பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வரும்!

வெளியாட்களை அழைப்பதென்றால் மீட்தான். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரில் லிங்கைத் திறந்தால் போதும். பயிற்சி வகுப்புக்கு ஜூம். ஆட்களைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துப் பேசவிடுவது அதில் அவ்வளவு எளிது. வேர்டும் எக்செலும் ஏற்கெனவே புழங்கும் அலுவலகத்துக்கு டீம்ஸ் சரி.

அப்புறம், ஜிட்சி என்ற இன்னொரு வீடியோ கூட்டச் செயலியையும் மறந்துவிடாதீர்கள். திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம். சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ரகசியமான பேச்சுகள் நடக்கும் இடத்துக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.